மூன்று பிள்ளைகள் ஊட்டிய வெயில்

“யம்மா, நீ எந்திரிக்காத! நான் எடுத்துத் தர்றேன்.”

உப்புக் கிண்ணம் ரஸ்மிய்யாவின் கைக்கு ஒரு முழத் தொலைவில்தான் இருந்தது. அவள் எழக்கூட இல்லை, சற்று முன்னால் சாய்ந்தாள், அவ்வளவுதான். அதற்குள் மூத்தவன் ஹிக்மத் பாய்ந்து கிண்ணத்தை எடுத்துவிட்டான். மகள் சுஹாத் அம்மாவின் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்து உட்காரவைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. கத்திரிக்காயும் கோழியும் போட்டு வேகவைத்துத் தட்டில் கவிழ்த்த சோறு நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ரஸ்மிய்யாவுக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது. சில மாதங்களாகவே இப்படித்தான். எந்நேரமும் தாகம். குடித்த தண்ணீர் உடம்பில் நிற்பதில்லை. கால் இரண்டும் நனைந்த துணி மாதிரித் துவண்டு கிடந்தன. சில காலைகளில், இறந்துபோன கணவருக்கும் சேர்த்து இரண்டு கோப்பை தேநீர் ஊற்றிவிட்டு, எதற்காக ஊற்றினோம் என்று திகைத்து உட்கார்ந்திருப்பாள்.

“நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம், யம்மா,” என்றான் ஹிக்மத், எலும்பை ஓரமாக ஒதுக்கியபடி. “நீ இந்தக் குன்று மேல தனியா இருந்தது போதும். எங்க புது வீட்டுல கீழ ரூம் தயாரா இருக்கு. ஒரு படிகூடக் கிடையாது. பணிப்பெண் இருக்கா. நீ கட்டில்ல இருந்து கால கீழ வெக்க வேண்டாம்.”

“கால கீழ வெக்காம என்ன பண்றது? கழட்டி அலமாரில வெச்சுக்கவா?”

சுஹாத் சிரித்துவிட்டாள். “பாத்தியா, நாக்குக்கு மட்டும் வயசே ஆகல.”

“நாக்க மட்டும்தான் நீங்க வேல செய்ய விட்டீங்க. அதான் அது நல்லா இருக்கு.”

தயிர்க் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து இளையவன் மாஜித் பேசினான். அவன் ஷார்ஜாவில் இருந்தான். “அண்ணன் சொல்றதக் கேளு யம்மா. வயசாயிடுச்சில்ல?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மட்டும் நான் சின்னப் பொண்ணா? ரொட்டியத் தலையில வெச்சுக்கிட்டு இந்தப் படி அத்தனையும் ஏறினேனேடா.”

அவர்கள் மறக்க விரும்பிய பேச்சு அது.

அம்மான் நகரத்து ஜோஃபா குன்றில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். தெருவிலிருந்து ரஸ்மிய்யாவின் வாசல்வரை கல் படிகள். கணவர் இருந்தவரை தினமும் காலையில் அவள்தான் இறங்கிப்போய் ரொட்டி வாங்கி வருவாள். மொட்டைமாடியில் துணி உலர்த்துவாள், அங்கிக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவர் போன பிறகு ஒருநாள் ஹிக்மத்தின் உதிரிபாகக் கடைக்கு வந்த யாரோ ஒருவன் கேட்டான்: “உங்கம்மா ரொட்டி சுமந்துட்டுப் போனதப் பாத்தேன். உங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” அவ்வளவுதான். ஹிக்மத் முகம் சிவந்து வந்தான். அன்றிலிருந்து ரொட்டி, காய்கறி, தண்ணீர் புட்டி எல்லாம் வாசலுக்கே வந்துவிடும். எதிரில் புதுக் கட்டடம் எழும்பியதும் மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு வந்தது. கட்டட வேலைக்காரர்கள் கண்ணில் அம்மா படக்கூடாதாம்.

“அடுத்த வெள்ளிக்கிழம வண்டி வரும்,” என்றான் ஹிக்மத்.

எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது ரஸ்மிய்யாவுக்கு. முட்டியில் கை ஊன்றினாள், எழ முடியவில்லை. பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாதம் அங்கேயே முடிந்துபோயிற்று. அவள் வீடு அவளுக்கு வேண்டும் என்று வாய் சொன்னது. கால் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னது.

தட்டுகளை எடுத்த பிறகு ஹிக்மத் உள்ளே வந்தான். கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. அதன் கழுத்தை உடைத்து, எண்ணெய் மாதிரி இருந்ததைக் கரண்டியில் ஊற்றினான்.

“வாயத் திற, யம்மா. வைட்டமின். சுஹாத்கிட்ட சொல்லாத, எல்லாத்துலயும் மூக்க நுழைப்பா.”

அவன் காரை எடுக்கப் போனதும் சுஹாத் வந்தாள். “இந்தா, இத முழுங்கு. எலும்புக்கு. எங்க மாமியார் சாப்பிடற அதே மாத்திர. அண்ணன்கிட்ட சொல்லிடாத, நான் வாங்கித் தரமாட்டேனான்னு சண்டைக்கு வருவான்.”

மாஜித் வேறு, ஊருக்கு வருகிறவர்கள் கையில் சொட்டு மருந்து கொடுத்தனுப்புவான். காலையில் போனைப் பிடித்துக்கொண்டு, அவன் கண் முன்னாலேயே நாக்கில் விட்டுக்கொள்ளச் சொல்வான். அவள் மூன்றையும் சாப்பிட்டாள். ஒன்று எண்ணெய், ஒன்று மாத்திரை, ஒன்று சொட்டு. மூன்றும் வேறு வேறு என்றுதான் நினைத்தாள். ஒருவர் தருவதை விழுங்கிவிட்டு இன்னொருவர் கையைத் தட்டிவிட எந்தத் தாயால் முடியும்?

புதன்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு ரஸ்மிய்யா எழுந்தாள். நடைவழியைத் தாண்டவில்லை. முழங்கால் இரண்டும் சொல்லிவைத்த மாதிரி மடிந்தன. சுவரோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடியே உம்மு ஹிக்மத்! உயிரோட இருக்கியா?” பக்கத்து வீட்டு உம்மு ஸுஹைலின் குரல். அங்கே தாய்மாரை மூத்த மகனின் பெயரோடு ‘உம்மு’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

“இருக்கேன். தரையில இருக்கேன். தாழ் போடல, உள்ள வா.”

உம்மு ஸுஹைல் வந்து பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள். பருத்த உடம்புக்காரி, அவளுக்கே மூச்சு வாங்கியது. முடியாதென்று தெரிந்ததும் தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“எலும்பு ஏதாவது?”

“எல்லாம் எடத்துலதான் இருக்கு. தடவிப் பாத்துட்டேன்.”

“போன குளிர்ல டாக்டரம்மா சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உடம்புல வெயிலே இல்லைன்னு சொன்னாளாமே? அம்மான்ல வெயிலுக்கா பஞ்சம்?”

“வெயில் இருக்கு. என் பிள்ள அதுக்குப் பூட்டுப் போட்டு வெச்சிருக்கான்.”

“உன் பசங்கள மாதிரி பசங்க கெடைக்குமாடி? என் ஸுஹைல் ஒரு தக்காளி வாங்கித் தரமாட்டான்.”

“அதனாலதான் நீ என் வீட்டுப் படியேறி வர்ற. நான் உன் வீட்டுக்கு வந்து எத்தன நாளாச்சு?”

உம்மு ஸுஹைல் தன் போனை எடுத்தாள். பிறகு மெதுவாக, “போன் பண்ணட்டுமா?” என்றாள்.

“பண்ணினா வண்டி இன்னிக்கே வந்துரும்.”

“பண்ணலைன்னா ரெண்டு பேரும் இங்கயேதான் ஒக்காந்திருக்கணும். எனக்கும் எந்திரிக்க வராது.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் ரஸ்மிய்யாவின் கண்ணில் நீர் நின்றது. அது சிரிப்பின் நீர் இல்லை.

உம்மு ஸுஹைல் போன் பண்ணி வரவழைத்த ஹிக்மத், அம்மாவை முதுகில் சுமந்துதான் படியிறங்கினான். தெருவே பார்த்து அவனை வாழ்த்தியது. “இதுவல்லவோ பிள்ளை! ஆண்டவன் உனக்கு நன்மை எழுதட்டும்!” அவன் கழுத்து நிமிர்ந்தது. முதுகில் மாவு மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மருத்துவ நிலையத்தில் இருந்தது, போன குளிர்காலத்தில் பார்த்த அதே டாக்டர் நஜ்வா. மெலிந்த பெண், பேச்சில் சர்க்கரை கிடையாது.

“கைய ஊணாம நாற்காலில இருந்து எந்திரிங்க பாக்கலாம், ஹஜ்ஜா.”

ரஸ்மிய்யா முயல்வதற்குள் வலப்பக்கம் மகனும் இடப்பக்கம் மகளும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

“விடுங்க அவங்கள! நான் உங்களையா எந்திரிக்கச் சொன்னேன்?”

விட்டார்கள். அவளால் எழ முடியவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னாள். பிற்பகலில் முடிவு வந்தது. கணினியைப் பார்த்தாள், ரஸ்மிய்யாவைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

“வைட்டமின் டி எவ்வளவு சாப்பிடறாங்க?”

ஹிக்மத் நெஞ்சை நிமிர்த்தினான். “நானே என் கையால ஊத்திவிடறேன், டாக்டர். குப்பி மருந்து. ஒரு வெள்ளிக்கிழம தவறினதில்ல.”

“நீ ஊத்தறியா?” சுஹாத் திரும்பினாள். “நான்ல குடுக்கறேன்! மாத்திர. வாரத்துக்கு ரெண்டு.”

“நீ எதுக்குடி குடுக்கற?”

“நீ எதுக்குக் குடுக்கற? அம்மாவப் பாத்துக்கறது நீ ஒருத்தன்தானா?”

“மாஜித்தோட சொட்டும் இருக்கு,” என்றாள் ரஸ்மிய்யா. “அது தெனமும்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

“மூணும் ஒரே மருந்து,” என்றாள் டாக்டர். “நான் எழுதினது வாரத்துக்கு ஒரு மாத்திர. ரெண்டு மாசம் கழிச்சு ரத்தம் பாக்க வரணும்னு சொன்னேன். ஏன் வரல?”

“வைட்டமின்தானேன்னு...” சுஹாத் இழுத்தாள். “நல்லதுதானே, கூடக் கொஞ்சம் போனா என்னன்னு...”

“இது ரோஜாத் தண்ணியா, கூடத் தெளிக்கறதுக்கு? வேணாங்கறத உடம்பு வெளிய தள்ளாது, உள்ளயே சேத்து வெச்சுக்கும். ரத்தத்துல கால்சியத்த எங்கயோ ஏத்தி விட்டிருக்கீங்க. தாகம் அதனால. வாந்தி அதனால. மறதி, கால் துவளறது, எல்லாம் அதனால. இவங்க சிறுநீரகம் இதுவரைக்கும் தாங்கினதே பெருசு. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அம்மாவுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றீங்களே, இவங்களுக்கு வந்திருக்கறது வயசு இல்ல. நீங்கதான்.”

சுஹாத் அழ ஆரம்பித்தாள். டாக்டர் அதற்கும் இளகவில்லை.

“மாத்திர மட்டுமா சொன்னேன்? காலைல கையும் காலும் வெயில்ல படணும்னு சொன்னேன். தெனமும் நடக்கணும்னு சொன்னேன். அது ரெண்டும் என்னாச்சு?”

ஹிக்மத் தன் ஷூவைப் பார்த்தான். “வீட்டுல படி அதிகம், டாக்டர். மொட்டமாடிக்கு எதிர்ல கட்டடம் கட்டறாங்க. வேலையாளுங்க... அன்னிய ஆம்பளைங்க...”

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது ரஸ்மிய்யாவிடம் உடைந்தது.

“என்னயப் பாத்துருவாங்களாம்! சிமெண்டு சுமக்கறவன் வேலைய விட்டுட்டு என் முழங்கைய ரசிக்கப் போறானாம்! என் வயசுப் பொம்பளைக்கு ஆண்டவனே முக்காட்டுக் கட்டத் தளத்தி விட்டிருக்கான். என் மகன் விடமாட்டேங்கறான். ரொட்டி தூக்கக் கூடாது, இவனுக்குக் கேவலம். துணி காயப்போடக் கூடாது, இவனுக்கு மானக்கேடு. ஒக்காரு, ஒக்காருன்னு ஒக்காரவெச்சே என் கால்ல இருந்த சதையக் கரைச்சிட்டு, இப்ப கால் இல்லைன்னு வீட்டையும் புடுங்கறான்!”

“யம்மா, டாக்டர் முன்னாடி...”

“டாக்டர் முன்னாடிதான் சொல்லணும். வேற யாரு முன்னாடி சொல்றது? தெருவா கேக்கும்? தெருதான் உனக்கு மால போடுதே!”

மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா மருந்தையும் நிறுத்தி, கையில் ஊசி செருகி, நாளெல்லாம் நீர் ஏற்றினார்கள். தாகம் முதலில் அடங்கியது. பிறகு வயிற்றுப் புரட்டல் போயிற்று. தலைக்குள் இருந்த பனிமூட்டம் விலகி, ஒரு காலை பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒரு கோப்பை தேநீர் கேட்டாள், ஒன்றே ஒன்று. தாதிமார் அவளைச் சுவரோரக் கைப்பிடியைப் பிடித்து நடக்கவைத்தார்கள். ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து எழக் கற்றுக்கொடுத்தாள்.

பார்க்க வந்த சொந்தங்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். “அன்பாத்தானே செஞ்சாங்க. மனசுல வெச்சுக்காத.”

அன்பாகத்தான் செய்தார்கள். அது அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் அவளுக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. எதிரியாக இருந்தால் வாசலிலேயே கதவைச் சாத்தியிருப்பாள். பெற்ற பிள்ளை கரண்டியோடு வந்து வாயைத் திற என்றால் திறக்காமல் என்ன செய்வது? மருத்துவமனையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து அவள் பேசிய பேச்சு அந்தக் கூரைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஹிக்மத் காரோடு வந்தான். நகர மையத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய கார் நேரே போயிற்று.

“எங்கடா போற?”

“வீட்டுக்கு, யம்மா.”

“யாரு வீட்டுக்கு?”

ஹிக்மத் சாலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “உன் கட்டில் அங்க வந்துருச்சு. நீ ஆஸ்பத்திரில இருக்கறப்பவே எடுத்துட்டு வந்துட்டேன். புது மெத்த போட்டிருக்கேன்.”

“என் கட்டில எடுத்துட்டியா? என்னக் கேக்காம?”

“ஒன் நல்லதுக்குத்தான்...”

“நிறுத்து.”

“இங்க நிறுத்தக்கூடாது, யம்மா. போலீஸ்காரன்...”

“நிறுத்தலைன்னா கதவத் தெறந்துருவேன். அப்புறம் போலீஸ்காரன்கிட்ட நீயே விளக்கம் சொல்லு.”

கை கதவுப் பிடியில் இருந்தது. அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பின்னால் ஹாரன்கள் அலற, காரைத் திருப்பினான்.

ஜோஃபாவின் படியடியில் வந்து நின்றதும் அவன் பழக்கத்தில் முதுகைக் குனிந்தான். ரஸ்மிய்யா அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள்.

சில படி ஏறுவாள், அப்படியே படியில் உட்காருவாள், மூச்சு வந்ததும் எழுவாள். ஜன்னல்கள் திறந்தன. ஒருத்தி பால்கனித் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். கீழிருந்து ஒருவன் ஓடிவந்து, “ஹஜ்ஜா, நான் தூக்கட்டுமா?” என்றான். இன்னொருவன், “மகன் கூடவே இருக்கானே, ஏன் சும்மா நிக்கறான்?” என்று முணுமுணுத்தான்.

“யம்மா,” என்று ஹிக்மத் பல்லைக் கடித்தபடி கெஞ்சினான், “எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நான் என்ன திருடிட்டா போறேன்?”

“என்னத்தான் காறித் துப்புவாங்க.”

“தொடச்சுக்க.” அவள் படியில் உட்கார்ந்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லாக் கேட்டுக்க, ஹிக்மத். உனக்கு உன் வெக்கம். எனக்கு என் கால். ரெண்டுல ஒண்ணுதான் பொழைக்கும். இத்தன நாளா உன் வெக்கத்தப் பொழைக்க வெச்சோம். அது நல்லாக் கொழுத்துருச்சு. இனி என் காலுக்குச் சோறு போடணும்.”

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அறுபதை நெருங்குகிற மனிதன், படியில் பள்ளிக்கூடத்துப் பையன்போல நின்றான். அவளுக்கு ஒரு கணம் அடிவயிறு இளகியது. இளகியதைக் காட்டவில்லை. காட்டினால் தூக்கிவிடுவான்.

அன்றிரவு கட்டில் இல்லாமல் சோபாவில் படுத்தாள். உம்மு ஸுஹைல் துணைக்கு வந்து தரையில் மெத்தை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் ஹிக்மத்தைப் பற்றியும் மீதி நேரம் தன் ஸுஹைலைப் பற்றியும் திட்டினாள். மறுநாள் கூலியாட்கள் கட்டிலைச் சுமந்து வந்தார்கள். ஹிக்மத் வரவில்லை. சாவியை மட்டும் சுஹாத்திடம் கொடுத்தனுப்பியிருந்தான், மொட்டைமாடிச் சாவி.

“அண்ணன் ரொம்பக் கோவமா இருக்கான், யம்மா,” என்றாள் சுஹாத்.

“இருக்கட்டும். கோவத்துல யாரும் எனக்கு மருந்து ஊத்தறதில்ல. நீ என்ன கையில மூடி வெச்சிருக்க?”

“பேரீச்சம்பழம்! சத்தியமா பேரீச்சம்பழம்தான்!”

“தெறந்து காட்டு.”

அந்தக் குளிர்காலம் முழுக்க ரஸ்மிய்யா காலையில் மாடியேறி, அங்கிக் கையைச் சுருட்டி, காலை நீட்டி வெயிலில் உட்கார்ந்தாள். எதிர்க்கட்டடத்தில் வேலை நடந்தது. ஒருவனும் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். வலித்தது, எழுந்தாள். சில நாள் அழுதுகொண்டே எழுந்தாள். டாக்டர் நஜ்வா ரத்தம் பார்த்து, இப்போதைக்கு ஒரு மருந்தும் வேண்டாம் என்றாள். மாஜித்திடம் மட்டும் தினமும் போனில் சண்டை. சொட்டு மருந்து அனுப்ப முடியாத வருத்தத்தில் அவன் குங்குமப்பூ அனுப்பட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹிக்மத் வந்தது பல வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில். கையில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று, “எங்க கெளம்பிட்ட?” என்றான், அவள் முக்காட்டைச் சரிசெய்வதைப் பார்த்து.

“ரொட்டி வாங்க.”

நான் வாங்கி வருகிறேன் என்ற சொல் அவன் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். “நானும் வரட்டுமா?”

“வா. பின்னாடியே வா. கைய உன் பாக்கெட்டுலயே வெச்சுக்க.”

இறங்கினார்கள். பேக்கரி வாசலில் ஆண்கள் வரிசை. பெண்கள் வந்தால் நேரே முன்னால் போய் வாங்கிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அதுவும் வயதானவள் என்றால் கேட்கவே வேண்டாம். அவளைப் பார்த்ததுமே வரிசை பிளந்தது. மாவு படிந்த கையை ஆட்டினான் ரொட்டிக்காரன்.

“ஹஜ்ஜா! எத்தன நாளாச்சு! முன்னால வாங்க, முன்னால வாங்க! ஏம்ப்பா, வழி விடுங்க!”

எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து அவள் பின்னால் முளைத்தது.

“நாற்காலி வேணாம். நான் வரிசையில நிக்கறேன்.”

“அட, ஒக்காருங்கம்மா, கால் வலிக்கும்.”

“வலிக்கத்தான் வந்திருக்கேன்.”

வரிசையின் கடைசியில் போய் நின்றாள். சூடான மாவின் வாசம் வந்தது. தொடைகள் நடுங்கத் தொடங்கின, அவள் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து ஹிக்மத்தைப் பார்த்தார்கள்.

“ஏன் தம்பி,” என்றான் வழுக்கைத் தலைக்காரன் ஒருவன், “இவ்வளவு பெரிய ஆளு நீ நிக்கற. உங்கம்மாவ வரிசையில நிக்க வெச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?”

ஹிக்மத்தின் காதுமடல் சிவந்தது. கை பாக்கெட்டிலிருந்து பாதி வெளியே வந்தது, நாற்காலியை நோக்கி. ரஸ்மிய்யா திரும்பாமலே அதை உணர்ந்தாள். கை திரும்ப உள்ளே போயிற்று.

“நிக்கட்டும்,” என்றான் அவன், உதடு மட்டும் அசைய.

“என்னப்பா சொன்ன?”

“சத்தமாச் சொல்லுடா,” என்றாள் ரஸ்மிய்யா.